படத்தில் இருப்பவர்

பண்டமாரான்
20-7-1943

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணிக்கு, ரமணி வணக்கத்துடன் எழுதுவது.

நானும் செண்பகமும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். சின்னையா அண்ணனுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது, உங்கள் இருமல் நின்றதா என்று எழுதுங்கள்.

உங்கள் தம்பியை ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போய் நாளையோடு ஐந்து வாரம் ஆகிறது. துறைமுகத்து ரயில் பட்டறையிலிருந்து மொத்தம் பதினெட்டுப் பேர். மூன்று மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். அப்படிச் சொன்ன மேற்பார்வை மண்டோரும் அதே ரயிலில்தான் போனார், அதனால் அவரிடம் மறுபடி விசாரிக்க வழியில்லை.

ஒரு உதவி கேட்டு எழுதுகிறேன். குழந்தை செண்பகத்துக்கு இப்போது எட்டு மாதம். அப்பா முகம் அவளுக்கு மறந்துபோகும். காட்டுவதற்கு இங்கே ஒரு படம்கூட இல்லை. ஜப்பான்காரன் வந்த வாரத்தில், வெள்ளைக்கார இன்ஜினியர்களோடு நின்று எடுத்த படங்கள் வீட்டில் இருந்தால் ஆபத்து என்று அவரே அடுப்பில் போட்டார். அந்த உறைக்குள் எங்கள் கல்யாணப் படமும் இருந்தது. எரிந்து முடிந்த பிறகுதான் தெரிந்தது. ஆளே எதிரில் இருக்கும்போது படம் எதற்கு என்று அப்போது நான் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கே பிடிக்கவில்லை.

உங்கள் ஆல்பத்தில் அவருடைய படம் இருக்கிறது அல்லவா. அதில் ஒன்றை அனுப்பினால் பத்திரமாக வைத்துக்கொள்வேன்.

அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

உங்கள்,
ரமணி


பிரிக்பீல்ட்ஸ், ரயில்வே குவார்ட்டர்ஸ்
15-8-1943

சௌபாக்கியவதி ரமணிக்கு, அண்ணி வீரம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது.

என் இருமலைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது எனக்குச் சீதனமாக வந்தது, இந்த வீட்டை விட்டுப் போகாது. என் வீட்டுக்காரரின் மூட்டு வழக்கம்போல. இரண்டு வேளை மரவள்ளிக்கிழங்கு, ஒரு வேளை கஞ்சி. உனக்கும் அப்படித்தான் இருக்கும், அதனால் அதை எழுதிக் காகிதத்தை வீணாக்கவில்லை.

ஆல்பத்தில் தம்பியின் படம் இரண்டு இருக்கிறது. ஒன்றில் அவனுக்கு ஏழு வயது. மொட்டைத் தலையோடு அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். அதைக் காட்டி இவர்தான் உன் அப்பா என்றால் உன் மகள் சிரிப்பாள். மற்றது பெரிய படம், ஸ்டூடியோவில் எடுத்தது. அதற்கு இன்னொரு பிரதி போடலாம் என்று ஸ்டூடியோக்காரர் பழனியப்பனிடம் வீட்டுக்கே போய்க் கேட்டேன். கடையே பூட்டிக் கிடக்கிறது. படம் போடும் காகிதம் இந்த ஊரில் எங்கேயும் இல்லையாம்.

இருக்கிற ஒன்றை அனுப்ப முடியாது, ரமணி. ஆளே ஊரில் இல்லாதபோது அவன் படத்தையும் வீட்டை விட்டு வெளியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. காரணம் கேட்காதே, எனக்கே சொல்லத் தெரியவில்லை. கோபம் வந்தால் கோபித்துக்கொள். கோபித்துக்கொண்டே ஒருநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து பார்த்துவிட்டுப் போ.

குழந்தைக்குப் பல் முளைத்ததா?

இப்படிக்கு,
வீரம்மா


பண்டமாரான்
4-9-1943

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம்.

நீங்கள் இருவரும் சௌக்கியமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். செண்பகத்துக்குக் கீழே இரண்டு பல்.

படத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சரி அண்ணி, இனிமேல் கேட்கமாட்டேன்.

உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்த ரயில் கார்டு தம்புசாமி அண்ணன் நல்ல மனிதர். தபாலில் போட்டால் பிரித்துப் படிக்கிறார்கள் என்று அவரே இங்கேயும் அங்கேயும் சுமக்கிறார். வாசலில் நின்று கடிதத்தை நீட்டும்போது செண்பகம் என் இடுப்பிலிருந்து தாவி அவர் மீசையைப் பிடித்துக்கொண்டு "ப்பா" என்றாள். அவளுக்கு வருகிற ஒரே வார்த்தை அது. அவர், "அப்பா சீக்கிரம் வந்துருவாரு தாயி, நான் தம்புசாமி மாமாலா" என்றார். மறுபடியும் "ப்பா" என்றாள். அவருக்கு ஐந்து பிள்ளைகள் இருக்கிறார்களாம். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

உங்கள் மனதைக் கரைப்பதற்காக இதை எழுதவில்லை. எழுத வேறு செய்தி இல்லை.

உங்கள்,
ரமணி


பிரிக்பீல்ட்ஸ்
11-9-1943

சௌபாக்கியவதி ரமணிக்கு, வீரம்மா ஆசீர்வதித்து எழுதுவது.

மனதைக் கரைப்பதற்காக எழுதவில்லை என்று எழுதத் தெரிந்த கெட்டிக்காரி நீ என்று பெண் பார்க்க வந்த அன்றே தெரிந்திருந்தால் வேறு இடம் பார்த்திருப்பேன்.

படம் இத்துடன் இருக்கிறது. இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து நூலால் கட்டியிருக்கிறேன். நூலை அறுக்காதே, அவிழ். நூலும் இப்போது கிடைப்பதில்லை.

உங்களுக்குச் சம்பந்தம் பேசியபோது உன் அப்பாவுக்கு அனுப்பியது இதே படம்தான். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பவும் என்று நான்தான் எழுதினேன். அவரும் மறு தபாலிலேயே அனுப்பிவிட்டார். உன்னிடம் காட்டினாரோ இல்லையோ. கோட்டு பழனியப்பன் ஸ்டூடியோவுடையது. கைக்கடிகாரம் என் வீட்டுக்காரருடையது. மீசை மட்டும் சொந்தம்.

சுவரில் சாய்த்து வைக்காதே, உங்கள் பக்கத்து ஈரம் ஏறிவிடும். பசை போட்டு ஒட்டாதே, கரப்பான் தின்னும். உன் மகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்.

அவனை எடுத்த இடம் ஆல்பத்தில் காலியாக இருக்கிறது. படம் செருகும் நான்கு காகித மூலைகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அங்கே வேறு படம் வைக்கமாட்டேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

வீரம்மா


பண்டமாரான்
8-10-1944

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணிக்கு ரமணி எழுதுவது.

பொங்கலுக்கு எழுதியதற்குப் பிறகு இப்போதுதான் காகிதம் கிடைத்தது. நாங்கள் இருக்கிறோம். எனக்கு இரண்டு முறை காய்ச்சல் வந்து போனது, கொயினா மாத்திரை கிடைக்கவில்லை, அதுவாகவே விட்டுவிட்டது. உங்கள் இரண்டு பேரின் நலத்தையும் எழுதுங்கள். சயாமிலிருந்து ஒரு வரிகூட வரவில்லை. அங்கே உங்களுக்கு ஏதாவது தெரிந்ததா?

பொங்கல் கடிதத்தில் சொல்ல வெட்கப்பட்டதை இப்போது சொல்கிறேன். அந்தப் படத்தை அப்பா என்னிடம் காட்டவே இல்லை. அம்மாவிடம் காட்டினார், மாமாவிடம் காட்டினார். நான் அறைக்குள்ளிருந்து பார்த்தது படத்தின் பின்பக்கத்து ஸ்டூடியோ முத்திரையை மட்டும்தான். ஆக, என் மாப்பிள்ளை படத்தை நான் நான்கு வருஷம் கழித்து, கையில் பிள்ளையோடு பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறார். அப்போதே காட்டியிருந்தால் மூன்று நாள் யோசிப்பதாகப் பாசாங்கு செய்திருக்கமாட்டேன்.

கூரை எல்லா இடத்திலும் ஒழுகுகிறது. நனையாத இடம் சாமி படங்கள் இருக்கிற பலகை ஒன்றுதான், அதனால் அங்கேயே முருகனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். செண்பகம் இப்போது நன்றாகப் பேசுகிறாள். எழுந்ததும் அங்கே போய் நின்று, "அப்பா, தூங்கினீங்களா? அப்பா, மழை வருது" என்று எல்லாச் செய்தியும் சொல்லிவிட்டுத்தான் முகம் கழுவ வருவாள். பக்கத்துக் கம்பத்து வீட்டு மலாய்க்கார அம்மா வந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுகிறாள். அப்பா எப்படி இருப்பார் என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள். கோட்டிலிருந்து காது வரை ஒன்றுவிடாமல் சொல்வாள்.

இன்னொரு விஷயம். போன செவ்வாய்க்கிழமை தம்புசாமி அண்ணன் வந்தார். நான் பின்பக்கம் கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். சோளத்தை வறுத்துப் போட்ட காப்பியோடு வந்து பார்த்தால் வாசல்படியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். காப்பியைத் தொடவில்லை. ஏன் அண்ணே என்றால் பதில் இல்லை. நீங்கள் கொடுத்தனுப்பிய உப்பை வைத்துவிட்டுப் போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார். நான் ஏதாவது தவறாகப் பேசியிருந்தால் மன்னிக்கச் சொல்லுங்கள்.

உங்கள்,
ரமணி


பிரிக்பீல்ட்ஸ்
6-1-1945

ரமணிக்கு, அண்ணி எழுதுவது.

உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நீ கோபித்துக்கொள்ளக் கூடாது.

இரண்டு படி அரிசி அனுப்பியிருக்கிறேன். எங்களுக்கு இருக்கிறது, யோசிக்காமல் பொங்கு. நீ பட்டினி கிடக்கக் கூடாது. உன் உடம்பு இப்போது குழந்தைக்காக இருக்க வேண்டிய உடம்பு.

நீங்கள் இருவரும் இங்கேயே வந்துவிடுங்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். முன் அறையைக் காலி செய்துவிட்டோம். செண்பகத்தை நாங்கள் வளர்ப்போம், படிக்க வைப்போம். நாங்கள் இருக்கும்வரை உங்களுக்கு யாரும் இல்லை என்று நீ நினைக்கக் கூடாது.

தம்புசாமி மேல் தப்பு எதுவும் இல்லை. நீயும் தப்பாக எதுவும் பேசவில்லை.

உன் மனதில் இருப்பதை எனக்கு எழுதலாம் ரமணி. நான் பெரியவள்தான், ஆனால் எனக்காக நீ எதையும் மறைத்துச் சுமக்க வேண்டாம். நீயாக எழுதும்வரை நான் கேட்கமாட்டேன்.

வீரம்மா


பண்டமாரான்
13-1-1945

அண்ணிக்கு ரமணி எழுதுவது.

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நலம் விசாரிக்கக்கூட எனக்குக் கை ஓடவில்லை, மன்னியுங்கள்.

கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் எனக்கு எழுதிய எந்தக் கடிதமும் சௌபாக்கியவதி என்ற வார்த்தை இல்லாமல் தொடங்கியதில்லை. கோபத்தில் எழுதிய கடிதத்தில்கூட அது இருந்தது. இந்தக் கடிதத்தில் இல்லை. வெறும் ரமணிக்கு என்று இருக்கிறது. புருஷன் இருக்கிறவளுக்கு மட்டும் எழுதுகிற வார்த்தை அது. அதை நீங்கள் மறதியாக விடுகிற ஆள் இல்லை. கடிதம் முழுக்க ஒரு இடத்தில்கூட என்னைக் கிண்டல் செய்யவும் இல்லை.

அண்ணி, உங்களுக்கு என்ன செய்தி வந்தது? ரயில்வே ஆபீசில் பட்டியல் ஏதாவது வந்ததா? அண்ணன் பார்த்தாரா? அதனால்தான் தம்புசாமி அண்ணன் என் வீட்டில் காப்பி குடிக்காமல் போனாரா?

நான் தாங்கிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. பொட்டு வைக்கக் கை போகிறது, கண்ணாடி முன்னால் அப்படியே நிற்கிறேன். வைக்கலாமா கூடாதா என்று மட்டும் சொல்லுங்கள்.

ரமணி


பிரிக்பீல்ட்ஸ்
17-1-1945

.................. ரமணிக்கு, வீரம்மா எழுதுவது.

எனக்குச் செய்தியா? எனக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. உனக்கு வந்தது என்றுதான் நாங்கள் இங்கே மூன்று மாதமாக அழுதுகொண்டிருக்கிறோம்.

நடந்ததைச் சொல்கிறேன். அன்று தம்புசாமி உன் வாசலில் நின்று உள்ளே பார்த்திருக்கிறார். பலகையில் தம்பியின் படம். படத்தில் நெற்றிக்குச் சந்தனமும் குங்குமமும், மேலே ஒரு செம்பருத்தி. நீ தலைவிரித்துக்கொண்டு வந்தாய், நெற்றியில் பொட்டு இல்லை, கழுத்தில் சங்கிலி இல்லை என்றார். செத்தவர் படத்துக்குத்தானே நம் வீடுகளில் பொட்டு வைப்பார்கள். துக்க வீட்டில் கேள்வி கேட்கக் கூடாது, போயிட்டு வரேன் என்று சொல்லக் கூடாது. அதனால் அந்த மனிதர் வாயைத் திறக்காமல் வந்து என் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதார்.

நான் அதிர்ந்து போனேன். அடுத்து உன் கடிதம் வந்தது, அதில் சயாமிலிருந்து ஒரு வரிகூட வரவில்லை என்று இருந்தது. இவள் எனக்காக மறைக்கிறாள், என் நெஞ்சு தாங்காது என்று பயப்படுகிறாள் என்று நினைத்தேன். பதினாறு நாள் துக்கம் காத்தோம். என் வீட்டுக்காரர் கிள்ளான் ஆற்றில் இறங்கி எள்ளும் தண்ணீரும் விட்டார். நான் ஆல்பத்தைத் திறக்கவே இல்லை.

இப்போது உன் கடிதத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. மேலே உன் பெயருக்கு முன்னால் இடம் விட்டிருக்கிறேன். அங்கே அந்த வார்த்தையை எழுதலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. பொட்டு வைத்தது யார்? எதற்கு? தம்புசாமியை உன் வாசலிலேயே உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறேன். பதிலை வாங்காமல் வரமாட்டார்.

வீரம்மா


பண்டமாரான்
18-1-1945

அண்ணிக்குக் கோடி வணக்கம்.

நீங்கள் விட்ட இடத்தில் சௌபாக்கியவதி என்று நானே எழுதிக்கொண்டேன். என் கையெழுத்து உங்களுடையதுபோல அழகாக இல்லை, பரவாயில்லை.

பொட்டு வைத்தது உங்கள் மருமகள் செண்பகம்தான். நான் தினமும் சாமி படங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதைப் பார்க்கிறாள். முருகனுக்கு வைத்தாய், அம்மனுக்கு வைத்தாய், வரிசையில் அடுத்தவர் அப்பா, அவருக்கு மட்டும் ஏன் வைக்கவில்லை என்பது அவள் கணக்கு. நான் கிழங்கு சீவப் போனதும் ஆட்டுக்கல் மேல் ஏறி வைத்துவிட்டாள். பூவும் அவள் வேலைதான். அன்று நான் தலைக்குக் குளித்திருந்தேன், பொட்டு வைக்க நேரம் இல்லை. சங்கிலியைத் திருடருக்குப் பயந்து ஒளித்துவிட்டு மஞ்சள் கயிறுதான் போட்டிருக்கிறேன். அது சேலைக்குள் இருந்தது.

ஆனால் அண்ணி, நானும் ஒன்றை மறைத்தேன். தம்புசாமி அண்ணன் போன பிறகு படத்தைப் பார்த்தேன். எனக்கு உயிரே போய்விட்டது. குழந்தையை அடித்தேன். கண்ணாடி போடாத படம், ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன், இன்னும் லேசாகக் கறை இருக்கிறது. இது அபசகுனம், அண்ணிக்குத் தெரியவே கூடாது என்று எழுதாமல் விட்டேன். எழுதியிருந்தால் உங்கள் மூன்று மாதக் கண்ணீர் மிச்சமாகியிருக்கும்.

அவர் இருக்கிறாரா என்று எனக்கும் தெரியாது. ஆனால் குழந்தை வைத்த குங்குமத்தை நான் செய்தியாக எடுத்துக்கொள்ளமாட்டேன். நீங்களும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அண்ணன் ஆற்றில் விட்ட எள்ளைப் பற்றி உங்கள் தம்பி வந்ததும் அவரே கேட்டுக்கொள்ளட்டும்.

தம்புசாமி அண்ணன் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். "கேட்டிருக்கலாம்லா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டு டம்ளர் காப்பி குடித்துவிட்டார். மூன்றாவது கேட்கிறார்.

உங்கள் சௌபாக்கியவதி,
ரமணி


பண்டமாரான்
18-11-1945

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணிக்கு, ரமணி வணக்கத்துடன் எழுதுவது.

நீங்களும் அண்ணனும் வந்து உங்கள் தம்பியைப் பார்த்து அழுதுவிட்டுப் போய்ப் பத்து நாள் ஆகிறது. யுத்தம் முடிந்து சயாமிலிருந்து லோரியில் கொண்டுவந்து கிள்ளான் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது இருந்ததைவிட இப்போது கொஞ்சம் தேவலை. கஞ்சி தங்குகிறது. கால் வீக்கம் வடிகிறது. கை நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. விரல்களில் உணர்ச்சியும் இல்லை. சூடான டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறார், நான்தான் பிடுங்கி வைக்க வேண்டியிருக்கிறது. வைட்டமின் ஊசி போட்டால் சில மாதங்களில் சரியாகும் என்று டாக்டர் சொன்னார். அவரோடு போன பதினெட்டுப் பேரில் திரும்பி வந்தது நான்கு பேர். அதை நினைத்தால் நான் எதற்கும் குறைப்படக் கூடாது.

ஆனாலும் அன்று உங்களிடம் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். இனி எதையும் மறைப்பதில்லை என்று ஜனவரியிலேயே முடிவு செய்தேன். செண்பகம் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்ததைப் பார்த்துக் கூட்டத்தைக் கண்டு வெட்கப்படுகிறாள் என்றீர்கள். வெட்கம் இல்லை. அவர் தன் அப்பா என்பதை அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"எங்கப்பா அங்க இருக்காரு. கோட்டு போட்டிருக்காரு. இவரு வேற" என்கிறாள். அழவில்லை, முரண்டு பிடிக்கவில்லை. தவறாக வீடு மாறி வந்தவரிடம் பேசுவதுபோல மரியாதையாகப் பேசுகிறாள். சோற்றுத் தட்டைக் கொண்டுபோய் வைத்து, "மாமா, சாப்பிடுங்க" என்கிறாள். அவரும், "சரிம்மா" என்று சாப்பிடுகிறார். காலையில் அவர் பாயில் படுத்திருக்க, அவரைத் தாண்டிப் போய்ப் படத்திடம், "அப்பா, நம்ம வீட்டுக்கு ஒரு மாமா வந்திருக்காரு" என்று சொன்னாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தப்பு என்னுடையது. இரண்டு வருஷமாக அந்த முகத்தைக் காட்டிக் காட்டி வளர்த்தேன். அந்தத் தலைமுடியும் கன்னமும் இப்போது எங்கே இருக்கின்றன? படத்தை எடுத்து உங்களிடமே திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். அவர், "வேணாம். அதை எடுத்துட்டா அவளுக்கு அப்பாவே இல்லாமப் போயிடும்" என்றார். அதற்குப் பிறகு என்னால் அடுப்படியில் நிற்க முடியவில்லை.

என்ன செய்வது என்று எழுதுங்கள். நீங்கள் குண்டு விழுந்தபோது ஆல்பத்தை வயிற்றில் கட்டிக்கொண்டு பதுங்கு குழியில் உட்கார்ந்திருந்தவர். உங்களுக்குத்தான் இதில் யோசனை தோன்றும்.

உங்கள்,
ரமணி


பிரிக்பீல்ட்ஸ்
24-11-1945

சௌபாக்கியவதி ரமணிக்கு, வீரம்மா ஆசீர்வதித்து எழுதுவது.

கஞ்சி தங்குகிறது என்று படித்ததும் எனக்கும் அன்றைக்கு நன்றாகப் பசித்தது. அவனுக்குக் கோழிச்சாறு கொடு, கோழி அனுப்புகிறேன்.

படத்தை எடுக்காதே. அதை வைத்தது தப்பு என்று இனி ஒருமுறை எழுதினால் நேரில் வந்து திட்டுவேன். அந்தப் படம் இல்லாவிட்டால் இந்தப் பெண் இரண்டு வருஷமாகக் காலையில் யாரிடம் பேசியிருப்பாள்? அப்பா என்று ஒருவர் உண்டு என்பதே அந்தப் பலகையால்தான் அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஒரு படம்கூட நாம் எடுக்காததுதான் குறை.

உன் கடிதம் வந்ததும் ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். நானும் என் வீட்டுக்காரரும் எடுத்துக்கொண்ட நாற்பத்தொன்றாம் வருஷத் தீபாவளிப் படத்தோடு நிற்கிறது. பிறகு வெறும் கறுப்புத் தாள். குண்டுக்குத் தப்பினோம், பட்டினிக்குத் தப்பினோம், செண்பகம் நடக்கப் பழகினாள், பேசப் பழகினாள், அதற்கெல்லாம் ஒரு படமும் இல்லை. புதுக்கோட்டும் பெரிய மீசையும் இருக்கும்போது மட்டும் படம் எடுத்துக்கொள்வது என்று வைத்திருந்தோம். அதனால்தான் உன் மகளுக்கு அப்பா என்றால் கோட்டுப் போட்டவர்.

பழனியப்பன் கடையைத் திறந்துவிட்டார். பட்டாளத்துக்காரர் ஒருவரிடம் கொஞ்சம் காகிதமும் படம் பிடிக்கும் கண்ணாடிப் பிளேட்டும் வாங்கி வைத்திருக்கிறார். டிசம்பர் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை, மூன்று பேரும் வாருங்கள். தம்புசாமியின் ரயிலில் உட்கார இடம் கிடைக்கும். உடம்பு தேறட்டும், கன்னத்தில் சதை போடட்டும் என்று சொல்லாதே. சதை போட்ட பிறகு இன்னொன்று எடுப்போம். எனக்கு என் தம்பி திரும்பி வந்த மாதிரியே வேண்டும்.

நல்ல சேலை இல்லாவிட்டால் என்னுடையதைக் கட்டிக்கொள்.

வீரம்மா


பண்டமாரான்
30-12-1945

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணிக்கு, ரமணி வணக்கத்துடன் எழுதுவது.

படம் நேற்று மத்தியானம் பத்திரமாக வந்து சேர்ந்தது. நூலை அவிழ்த்தேன், அறுக்கவில்லை. அவர் இப்போது பிடி இல்லாமல் வாசல்வரை நடக்கிறார். உங்கள் இருமலுக்கு ஆடாதோடை இலை அனுப்பியிருக்கிறேன், கஷாயம் வைத்துக் குடியுங்கள்.

உங்களிடமும் ஒரு பிரதி இருக்கும். அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

அன்று ஸ்டூடியோவில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அவரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நான் பின்னால் நின்றேன். செண்பகத்தை அவர் மடியில் உட்கார வைக்கப் பார்த்தீர்கள், மாட்டேன் என்று இறங்கி நாற்காலியோரம் கொஞ்சம் தள்ளி நின்றாள். பழனியப்பன் அண்ணன், "இருக்கிறது ஒரே பிளேட்டு. யாரும் அசையக் கூடாது. அசைஞ்சா படம் கெட்டுப் போயிடும்" என்று இரண்டு முறை சொன்னார். உங்கள் தம்பியின் வலது கை முழங்கால் மேல் ஆடிக்கொண்டே இருந்தது. நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. பின்னாலிருந்து என் கை எட்டவில்லை. படம் கெட்டுப் போகப் போகிறது, இனி படமே வேண்டாம் என்று இவர் சொல்லிவிடுவார் என்று நினைத்துக்கொண்டே லென்சைப் பார்த்தேன். எல்லாரும் லென்சைத்தான் பார்த்தோம். நீங்களும் ஜன்னலோரம் நின்று பழனியப்பன் அண்ணனின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்றார், முடிந்தது. செண்பகம் உங்களிடம் ஓடிவந்துவிட்டாள்.

இப்போது படத்தில் அவருடைய வலது கையைப் பாருங்கள். ஆடவில்லை அண்ணி. ரேகை தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருக்கிறது. அதன் மேல் ஒரு சின்னக் கை இருக்கிறது. ஐந்து விரலையும் விரித்து அழுத்திப் பிடித்திருக்கிறாள். முகம் நேராக லென்சைப் பார்க்கிறது, உதட்டை இறுக்கி வைத்திருக்கிறாள்.

அவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "எப்ப வச்சா? எனக்குத் தெரியவே இல்லியே" என்றார். அந்த விரல்களுக்குத்தான் உணர்ச்சி இல்லையே, எப்படித் தெரியும்? இந்தப் படம் மட்டும் எடுக்காமல் இருந்திருந்தால் அவள் கை வைத்தது இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். சதை போடட்டும் என்று நான் தள்ளிப்போட நீங்கள் விடவில்லை. உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும்.

செண்பகத்தைக் கூப்பிட்டேன். அவர் எதிரிலேயே படத்தைக் காட்டி, இது யார் கை, எதற்காக அங்கே வைத்தாய் என்று கேட்டேன். அடிப்பேன் என்று பயந்தாளோ என்னவோ, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னாள்.

"அசையக் கூடாதுன்னு அவரு சொன்னாருல்ல. அப்பா கை ஆடுச்சு. நான் புடிச்சுக்கிட்டேன்."

சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

அண்ணனுக்கு எங்கள் இருவரின் வணக்கத்தையும் சொல்லுங்கள்.

உங்கள்,
ரமணி